நத்தைக்குச் சமைத்தல்

1

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் நத்தைகளுக்குச் சமைக்கிறேன். இதை எழுதும்போதே நண்பர்கள் சிலர் உதட்டைச் சுழிப்பது தெரிகிறது. படிமம் பற்றியும் பிரக்ஞை பற்றியும் பேசும் பக்கங்களில் கண்ணாடித் தொட்டிக்கும் கீரை மசியலுக்கும் என்ன வேலை என்று அவர்கள் கேட்கலாம். அறம் பற்றி நாம் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் யுத்தம், துரோகம், தற்கொலை போன்ற பெரிய சந்தர்ப்பங்களை முன்வைத்தே எழுதப்படுகிறது. அந்தச் சந்தர்ப்பங்கள் நமக்கு அநேகமாக வாய்ப்பதில்லை. ஆகவே அவை பற்றிய நம் தீர்மானங்களுக்கு நாம் விலை எதுவும் கொடுப்பதுமில்லை. எனக்கு வாய்த்தது ஓட்டப்பிடாரத்தில் ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் இருக்கும் இரண்டடி நீளத் தொட்டி. விலை கொடுக்க நேர்ந்ததும் அதன் முன்னால்தான்.

தொட்டி என் மகளுக்காக வந்தது. அவளுக்கு எட்டு வயது. தூத்துக்குடிக் கடையொன்றில் பத்து டெட்ரா மீன்களும் ஆறு கப்பிகளும் ஐந்து மஞ்சள் நத்தைகளும் வாங்கினோம். நத்தைகள் தென்னமெரிக்க ஆப்பிள் நத்தை இனத்தைச் சேர்ந்தவை. வயல் சேற்றில் நாம் பார்க்கும் நத்தைக்குத் தூரத்து உறவு. "இதுக்குத் தனியாத் தீனி வேண்டாம் சார், பாசியத் தின்னு தொட்டியச் சுத்தமா வச்சுக்கிடும்" என்றார் கடைக்காரர். வேலைக்காரரைப் பற்றி நாம் பேசும் அதே தொனி அது. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

மூன்று மாதத்தில் நத்தை ஓடுகளின் உச்சியில் வெள்ளை வெள்ளையாகக் குழி விழுந்தது. பிழை என்னுடையது. எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புச்சாரம் மிகுந்தது, பருப்பு வேகாது. மீனுக்கு நல்லது செய்வதாக நினைத்து, குழாயில் வரும் குடிதண்ணீரைப் பிடித்து ஒரு நாள் வைத்திருந்து ஊற்றினேன். ஓடு சுண்ணாம்பால் ஆனது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த மென்னீர் அந்த ஓட்டையே மெல்ல மெல்லக் கரைக்கும். என் நாக்குக்கு நல்ல தண்ணீர் நத்தையின் வீட்டைத் தின்றுகொண்டிருந்தது. இன்னொரு ஜீவனுக்கு நன்மை செய்யும்போது நாம் முதலில் அளப்பது நம் நாக்கால்தான் என்பதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை.

அப்படித் தொடங்கியது சமையல். முருங்கைக்கீரையையும் பீர்க்கங்காயையும் கேரட்டையும் நன்றாகக் கழுவி அவிக்க வேண்டும். கீரையில் மருந்தடித்த மிச்சம் இருந்தால் நத்தை சாகும். அவித்ததை விழுதாக அரைத்து, இரண்டு கோப்பை விழுதுக்கு இரண்டு கரண்டி முட்டையோட்டுத் தூள் சேர்க்க வேண்டும். நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை என்ற பெயரில் விற்கும் கணவாய் ஓடு கிடைத்தால் அதையும் பொடிக்கலாம். பிறகு இதைக் கட்டியாக்க வேண்டும். மேல்நாட்டுக் குறிப்புகள் ஜெலட்டின் சேர்க்கச் சொல்கின்றன. அது மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் பன்றித் தோலிலிருந்தும் எடுப்பது. தவிர, எங்கள் ஊர் சித்திரை வெயிலில் அது இளகிக் கூழாகிவிடும். கடல்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அப்படியல்ல. கொதிநீரில் கரைந்து, நாற்பது டிகிரிக்குக் கீழே இறங்கும்போது உறைகிறது. ஒருமுறை உறைந்தால் எண்பது டிகிரி தாண்டாமல் இளகாது. மளிகைக் கடையில் 'சைனா கிராஸ்' என்று கேட்டால் தருவார்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மூழ்கி இதற்கான பாசியைப் பறித்துப் பிழைத்தவர்கள் மண்டபம், பாம்பன் பக்கத்துப் பெண்கள். அவர்கள் மரிக்கொழுந்து என்று அழைக்கும் பாசியிலிருந்துதான் தரமான அகர் கிடைக்கிறது. அந்தக் கடலில் இருபத்தொரு தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதிலிருந்து, தலைமுறையாகப் பறித்த இடத்தில் பறிப்பது அவர்களுக்குக் குற்றமாகிவிட்டது.

விழுதைத் தட்டில் ஊற்றி, உறைந்ததும் வில்லைகளாக வெட்டி, குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்தால் இரண்டு வாரம் வரும். இரவு ஒரு வில்லையைப் போட்டால் நத்தைகள் வருகின்றன. மிச்சத்தைக் காலையில் எடுத்துவிட வேண்டும். கிடந்து அழுகினால் அம்மோனியா சேர்ந்து தண்ணீரே விஷமாகும். பட்டினியால் செத்த வளர்ப்பு மீன்களைவிட அதிகத் தீனியால் செத்தவையே அதிகம் என்பது மீன் வளர்ப்போர் எல்லோரும் அறிந்தது. தாராளம் என்பதைத் தயக்கமில்லாமல் நற்குணங்களில் சேர்க்கும் நமக்கு இது சற்றுச் சங்கடமான செய்தி.

2

மீன்களுக்கு வேறு சட்டி. டெட்ரா தன் சொந்த நீரில் சிறு பூச்சிகளையும் கூனி போன்ற நுண்ணிய ஓட்டுயிர்களையும் தின்று வாழும் மீன். கீரை மட்டும் போதாது. எங்கள் வீடு சைவம். இறால் வாங்கிவந்த முதல் நாள் அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"ஏய்யா, நம்ம அடுப்புல எறா வேகணுமா?"

"மீனுக்கும்மா. நமக்கில்ல."

"அது தெரியுது. கீரையோட நிப்பாட்டிக்கோய்யா. எறா வேணும்னா கொல்லையில வச்சு அவிச்சுக்கோ. சட்டியும் அங்கனயே இருக்கட்டும்."

கொல்லையில் மூன்று கல் கூட்டி இறால் அவித்தேன். ஆக இப்போது எனக்கு இரண்டு அடுப்பு, இரண்டு சட்டி. நடுவில் ஒரு வாசற்படி. அம்மா வரைந்தது ஆசாரத்தின் கோடு என்று முதலில் அலட்சியமாக நினைத்தேன். யோசித்தபோது, தத்துவம் வரைந்த கோடுகளும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் விழுந்திருக்கின்றன என்று தெரிந்தது.

பீட்டர் ஸிங்கர் 1975இல் வெளியிட்ட 'அனிமல் லிபரேஷன்' நூலில், எந்த உயிரைத் தின்னலாம், எதைத் தின்னலாகாது என்ற கோட்டை இறாலுக்கும் சிப்பிக்கும் இடையில் எங்கோ போடலாம் என்று சொன்னார். வலியை உணரும் திறன்தான் அவருடைய அளவுகோல். 1990இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவருக்கே அந்தக் கோட்டில் நிச்சயம் போய்விட்டது. சிப்பிக்கு வலிக்காது என்று அடித்துச் சொல்ல முடியாத நிலையில், அதையும் விட்டுவிடுவதே நல்லது என்றார். இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சிப்பி அள்ளிய கரையில் இருந்துகொண்டு இதைப் படிப்பது ஒரு வினோதமான அனுபவம்.

நம்மிடமும் ஒரு பட்டியல் உண்டு. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்குகிறது. புல்லும் மரமும் ஓரறிவு, தொடுவுணர்வு மட்டும். நந்து, அதாவது நத்தையும் சங்கும் போன்றவை, ஈரறிவு, தொடுதலோடு சுவை. எறும்புக்கு மூன்றாவதாக முகர்தல். நண்டுக்கு நான்காவதாகப் பார்வை. இந்த அடுக்கின் நேர்த்தி என்னை எப்போதும் வசீகரித்திருக்கிறது. ஆனால் விளக்கணைத்த தொட்டியின் ஒரு மூலையில் வில்லையைப் போட்டுவிட்டு நின்று பாருங்கள். மறு மூலையில் ஓட்டுக்குள் அடங்கிக் கிடந்த நத்தை, கொஞ்ச நேரத்தில் மூடியைத் திறந்து, நீண்ட உணர்கொம்புகளை நீரில் துழாவியபடி, நேராகத் தீனியை நோக்கி வருகிறது. நீரில் கரைந்து பரவும் வாசனைதான் அதற்கு வழிகாட்டி. காம்பின் நுனியில் அதற்குக் கண்ணும் உண்டு. இரண்டு அறிவு என்று நாம் எழுதிவைத்த பிராணி மூன்றாவதைக் கொண்டு என் சமையலைத் தேடி வருகிறது.

இலக்கணத்தைத் திருத்த இதைச் சொல்லவில்லை. அவித்த இறாலை நசுக்கும் ஒவ்வொரு ஞாயிறும் நானும் ஒரு மரபியல் எழுதுகிறேன் என்பதைச் சொல்ல வருகிறேன். டெட்ரா மேலே, இறால் கீழே. நத்தை தன் இடத்தில். எந்த அறிவின் எண்ணிக்கையாலும் இது தீர்மானமாகவில்லை. டெட்ரா என் தொட்டியில் இருக்கிறது, இறால் இல்லை. என் மகள் டெட்ராக்களுக்குப் பெயர் வைத்திருக்கிறாள். என் அடுக்கின் முழுத் தர்க்கமும் அவ்வளவுதான். கடையில் டப்பா வாங்கிய நாட்களில் இந்த அடுக்கு இல்லாமலில்லை. டப்பாவுக்குள்ளும் மீன்மாவு இருக்கிறது. எழுதியவன் வேறு யாரோ, நான் கையெழுத்து மட்டும் போட்டேன்.

3

இந்தக் கரைக்கும் ஓட்டுயிர்களுக்கும் உள்ள உறவு நீண்டது. முத்துக்குளித்துறை என்று பெயர்பெற்ற கடல் இது. முத்துப்பார்களில் மூழ்கியெடுத்த சிப்பிகளைக் கரையில் குவித்து அழுகவிட்டு, சதை கரைந்தபின் கழுவி, முத்துப் பொறுக்கினார்கள். ஒரு முத்துக்கு எத்தனை சிப்பி என்ற கணக்கை யாரும் சிப்பியின் பக்கமிருந்து எழுதவில்லை. இந்தக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை நடந்தது. அதன்பிறகு பார்களில் சிப்பி இல்லை. 1973இல் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் எங்கள் பக்கத்து வேப்பலோடைப் பண்ணையில் சிப்பிக்குள் உருண்டைக் கருவைப் பதித்து வளர்ப்பு முத்து எடுத்தார்கள். 1981இல் தூத்துக்குடியில் சிப்பிக் குஞ்சுகளைப் பொரிக்கவும் வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குஞ்சுகளுக்காக நுண்பாசியைத் தனியே வளர்த்து ஊட்டினார்கள்.

ஊட்டாமல் எடுத்தது ஒரு காலம். எடுப்பதற்காக ஊட்டியது அடுத்த காலம். நான் மூன்றாவது வகை, எதையும் எடுக்காமல் ஊட்டுகிறவன் என்று சில நாள் பெருமைப்பட்டதுண்டு. அது பொய். நானும் எடுக்கிறேன். ரிஜிஸ்தர்களோடு ஒன்பது மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து, தொட்டியின் முன் அரைமணி நேரம் நின்றால் மனம் அடங்குகிறது. அந்தப் பார்வைதான் என் முத்து. அதற்காகப் பதினாறு மீனும் ஐந்து நத்தையும் இரண்டடி நீரில் சுற்றுகின்றன.

தொட்டி என்ற வஸ்துவின் பிறப்பிலேயே இந்தப் பொய்க்கு இடம் இருந்திருக்கிறது. லண்டன் ரசாயன அறிஞர் ராபர்ட் வாரிங்டன் 1850இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்கமீன்களும் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியும் விட்டார். செடி மீனுக்குப் பிராணவாயு தந்தது. ஆனால் செடியின் இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. சில குளத்து நத்தைகளைச் சேர்த்தார். அவை அழுகலைத் தின்றன. அவை இட்ட முட்டைகள் மீனுக்கு இரையாயின. தண்ணீர் தெளிந்தது. சமநிலை கண்டாகிவிட்டது. 1853இல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் மாளிகை திறந்தது. 'அக்குவேரியம்' என்ற சொல்லை அடுத்த ஆண்டு ஃபிலிப் ஹென்றி கோஸ் தன் நூலின் மூலம் பிரபலப்படுத்தினார்.

வாரிங்டனின் பாத்திரம் ஒரு விஞ்ஞான உண்மையை நிரூபித்தது என்பதில் சந்தேகமில்லை. அதோடு ஒரு மனோபாவத்தையும் அது சாத்தியமாக்கிவிட்டது. யாரும் ஊட்ட வேண்டாம், யாரும் கழுவ வேண்டாம், எல்லாம் ஒன்றையொன்று தின்று தெளிவாக இருக்கும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பவன் பார்த்தால் மட்டும் போதும். சிறைவைத்தவன் சிறையின் கணக்கிலிருந்து தன் பெயரை அடித்துவிடுகிறான். கடைக்காரர் எனக்கு விற்றது அந்தக் கனவின் மலிவுப் பதிப்பைத்தான். நத்தையின் ஓட்டில் விழுந்த குழி அதைக் கலைத்தது.

4

சென்ற ஐப்பசி மழையில் தண்ணீர் குளிர்ந்து, டெட்ராக்களுக்கு வெண்புள்ளி நோய் வந்தது. உடம்பெல்லாம் உப்புத் தூவியது போலப் புள்ளிகள். மகள் அழுதாள். வேறொரு கடையில் மருந்துப் புட்டி வாங்கிவந்து, சொன்ன அளவு விட்டேன். லேபிளில் மருந்தின் பெயரும் அளவும் பெரிய எழுத்தில் இருந்தன. உள்ளடக்கம் பொடி எழுத்தில் இருந்தது. தாமிர உப்பு. தாமிரம் மீனின் ஒட்டுண்ணியைக் கொல்லும். அதே அளவில் நத்தையையும் கொல்லும். அலுவலகத்தில் கடன் பத்திரத்தை நீட்டி, "பொடி எழுத்தைப் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க அண்ணாச்சி" என்று நாளுக்கு இருபது பேரிடம் சொல்கிறவன் நான்.

காலையில் நான்கு நத்தைகள் ஓட்டிலிருந்து பாதி வெளியே தொங்கியபடி தரையில் கிடந்தன. ஐந்தாவதைக் காணோம். மூடியைத் தூக்கியபோது அதன் உட்புறத்தில் ஒட்டியிருந்தது. இந்த இனத்தின் பெட்டை முட்டையிட நீருக்கு மேலே ஏறிவரும். இரவில் ஏறியிருக்கிறது. அதனருகே வெளிறிய இளஞ்சிவப்பில், சிறு சோளக்கதிர் போல் ஒரு முட்டைக் கொத்து. விஷம் கலந்த நீரில் அது இல்லாமல் போனதற்கு நான் காரணமில்லை. மீன்கள் ஒரு வாரத்தில் தேறிவிட்டன.

ஒரே நீரில் வாழும் இரண்டு உயிர்களில் ஒன்றுக்கு மருந்து இன்னொன்றுக்கு விஷம் என்பதை ஒரு குறியீடாக்கி அழகாக எழுதலாம். எழுதியவர்களும் உண்டு. நான் அதைத் தவிர்க்கிறேன், ஏனென்றால் குறியீடாக்கினால் என் பங்கு மறைந்துவிடும். நத்தைகளை ஒரு வாளிக்கு மாற்றிவிட்டு மருந்திட்டிருக்கலாம். ஐந்து நிமிட வேலை. நான் செய்யாததற்குக் காரணம் அந்த இரவில் என் கண்ணுக்கு மீன் மட்டுமே தெரிந்தது. ஞாயிறுதோறும் கீரை அவித்த கைதான். ஆனாலும் ஆபத்து வந்த நேரத்தில் நத்தை மறுபடி தொட்டி துடைக்கும் பிராணியாகிவிட்டது. வீட்டில் செய்த தீனி என் கவனத்துக்குச் சான்று என்று நம்பியிருந்தேன். கவனம் ஒரு சுபாவமாக ஒருவனுக்குள் தங்கிவிடுவதில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகச் செலுத்தியாக வேண்டும், தவணை மாதிரி.

நண்பரான ஒரு கவிஞரிடம் இதைச் சொன்னேன். "குற்றத்துக்குச் சமையல் குறிப்பு எழுதுகிறாய்" என்றார். பதில் சொல்லத் தோன்றவில்லை.

5

குற்றம் என்று வந்ததும் முதலில் கைகளைச் சுத்தப்படுத்திக்கொள்ளத் தோன்றியது. இறாலை நிறுத்திவிடலாம், கீரை, பட்டாணி, முட்டையோடு மட்டும் போதும் என்று நினைத்தேன். முட்டையோட்டின் வழியைத் தொடர்ந்து பார்த்தபோது அந்த நினைப்பும் நிற்கவில்லை.

எங்கள் வீட்டில் முட்டை இல்லை. பஸ் நிலையத்துப் பரோட்டாக் கடையில் கேட்டு வாங்குகிறேன். "ரோசாச் செடிக்கா சார்?" என்றார் கடைக்காரர் முதல் நாள். "ஆமா" என்று சொல்லிவிட்டேன். நத்தைக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இந்தப் பக்கம் வரும் முட்டைகள் பெரும்பாலும் நாமக்கல் பண்ணைகளிலிருந்து வருபவை. பண்ணைக் கோழியின் தீனியில் கருவாட்டுத் தூளும் கிளிஞ்சல் தூளும் சேர்கின்றன. விசைப்படகின் மடியில் விழுந்து, மனிதன் தின்ன ஆகாததென்று ஒதுக்கப்படும் பொடிமீனை எங்கள் கரையில் சங்காயம் என்பார்கள். காய்ந்து மூட்டையில் கோழித்தீவனத்துக்குப் போவது அதுதான். ஆகவே நான் இறாலை விட்டாலும், கடலில் செத்த மீனும் கிளிஞ்சலும் கோழி வழியாக முட்டையோடாகி என் கீரை விழுதில் வந்து விழுகின்றன. மாட்டெலும்பைத் தவிர்க்கக் கடல்பாசியிடம் போனேன். அங்கே கரைக்கு விரட்டப்பட்ட பெண்களின் கணக்கு ஒன்று நிற்கிறது. கொல்லாமைக்கும் புலால் மறுத்தலுக்கும் குறளில் தனித்தனி அதிகாரங்கள் இருக்கின்றன. இரண்டையும் தலைவணங்கிப் படிக்கிறேன். ஆனால் சங்கிலியின் எந்தக் கண்ணியைப் பிடித்தாலும் மறுகோடியில் ஏதோ ஒரு கை நனைந்திருக்கிறது.

இதிலிருந்து, எல்லாம் ஒன்றுதான், எதைச் செய்தாலும் பாவம்தான், ஆகவே எதையும் செய்யலாம் என்ற முடிவுக்கு வருவது சுலபம். அது சோம்பேறியின் வேதாந்தம். ஐந்து நிமிடத்தில் நான்கு நத்தைகளைக் காப்பாற்றியிருக்கலாம் என்ற உண்மையை எந்தச் சங்கிலியும் மறைக்காது. சுத்தமான கை சாத்தியமில்லை என்பது தெரிந்தபின்னும், இந்தக் கை இன்று எதைச் செய்கிறது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

அடுத்து வந்த யோசனை விடுதலை. மிஞ்சிய நத்தையையும், பொரித்தால் குஞ்சுகளையும், ஊர்க் கண்மாயில் விட்டுவிடலாம். மகளுக்கும் அது பிடித்திருந்தது. தளையை அறுப்பதைவிட உயர்ந்த செயல் உண்டா? வ.உ.சி. பிறந்த ஊரில் இருந்துகொண்டு வேறென்ன நினைப்பது!

ஆனால் நத்தையைப் பொறுத்தவரை அந்தச் சொல் அவ்வளவு எளிதில்லை. பென்சன் என்ற வெள்ளைக்கார அதிகாரி, நத்தை ஆராய்ச்சியில் பிரியமுள்ளவர், 1847இல் மொரிஷியஸிலிருந்து ஆப்பிரிக்கப் பெருநத்தைகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அவை ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. இன்று இந்தியாவின் பல மாநிலங்களில் தோட்டங்களைத் தின்பது அவற்றின் வம்சம். என் நத்தைக்கு நெருங்கிய உறவான தங்க ஆப்பிள் நத்தையை 1980ஐ ஒட்டி உணவுக்கென்று தைவானுக்குக் கொண்டுபோனார்கள். ருசி பிடிக்காமல் கைவிட்டார்கள். அது அங்கிருந்து பிலிப்பைன்ஸ் வரை பரவி நெல் நாற்றைத் தின்று தீர்த்தது. நம் ஏரிகளிலேயே, தொட்டி துடைக்க வாங்கி, பெருத்ததும் கொண்டுபோய்விட்ட சக்கர் மீன் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

வங்கியில் வாராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்குவதுண்டு. நீக்கினால் எங்கள் ஏடு சுத்தமாகத் தெரியும். கடன் அதனால் தீர்ந்துவிடாது. கண்மாயில் நத்தையை விடுவது அந்த மாதிரி. என் ஏட்டிலிருந்து போய், யாரோ ஒரு சம்சாரியின் நாற்றங்காலில் பற்றாகும். பிடித்துவந்தவனுக்கு விடுதலை தரும் அதிகாரம்கூட மிஞ்சுவதில்லை. ஐந்து நத்தைகளைக் காகிதப் பணம் கொடுத்து வாங்கிய அன்று அந்தப் பொடி எழுத்தையும் நான் படிக்கவில்லை.

6

அம்மா தினமும் காக்கைக்குச் சோறு வைக்கிறாள். மாக்கோலம் எறும்புக்கு என்று சொல்லிக் கொடுக்கப்பட்டவர்கள் நாம். இவற்றோடு சேர்த்து, மீனுக்கும் நத்தைக்கும் தீனி போடுவதையும் ஜீவகாருண்யம் என்று ஒரே பெயரில் அழைக்கிறோம். என் அபிப்பிராயத்தில் இங்கேதான் பிழை. காக்கை வராமலிருக்க முடியும். கூப்பிடக் கூப்பிட எதிர்வீட்டுக் கூரையில் உட்கார்ந்து, வேறு வீட்டுக்குப் பறந்துபோக முடியும். அது மறுக்கக்கூடும் என்பதால்தான் அம்மா வைப்பது கொடை. தொட்டியில் இருப்பது மறுக்க முடியாது, வேறு வீடு தேட முடியாது. தேடும் வழியை அடைத்தவன் நான். அடைத்தவன் போடும் சோறு கொடையாகாது. அது கடன்.

வித்தியாசம் வெறும் சொல்லில் இல்லை. கொடுப்பவன் நிறுத்தலாம், யாரும் கேட்க முடியாது. கொடுத்த அளவுக்குப் புகழும் உண்டு. கடன் செலுத்துகிறவனுக்குப் புகழில்லை. தவறினால்தான் அவன் பெயர் ஏட்டில் ஏறும். அதிகமாய்ப் போட்டுக் கொல்வதும், நல்ல தண்ணீர் ஊற்றி ஓட்டைக் கரைப்பதும் கொடையாளியின் தவறுகள். அவன் தன் மனநிறைவை அளவாக வைத்துக்கொள்கிறான். கடனாளி எதிர்த்தரப்புக்கு என்ன சேரவேண்டுமோ அதைக் கேட்டு அளந்தாக வேண்டும். நத்தைக்குச் சேரவேண்டியது சுண்ணாம்பு. என் அன்பு அந்தப் பட்டியலில் இல்லை.

டப்பாவில் தீனி வாங்கிப் போடுகிறவரைவிட நான் மேலானவன் என்று சொல்ல இதை எழுதவில்லை. நல்ல டப்பாவும் ஒழுங்கான நேரமும் கடனைச் சரியாகவே செலுத்தும். என்னைப்போல் சமைத்துவிட்டு நான்கைக் கொல்லாதவர் என்னைவிட ஒழுங்கானவர். சமைப்பதால் எனக்கு நேர்ந்தது ஒன்றுதான். எந்த உயிர் எந்த உயிருக்குள் போகிறது என்பதைப் பார்க்காமலிருக்கும் வசதி போய்விட்டது. அதை ஒரு தகுதியாக மாட்டிக்கொண்டால் அதுவும் சிறுபத்திரிகைக்காரனின் அகங்காரமாகிவிடும். நம் வட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை.

முட்டைக் கொத்து மூன்று வாரத்தில் பொரிந்தது. மகள் தினமும் மூடியைத் தூக்கிப் பார்த்தபடி காத்திருந்தாள். எண்ணினேன், எண்ணுவது என் தொழில். ஐம்பத்தேழு. கடுகளவு ஓடுகள். செத்த நான்குக்கு இவை ஈடு என்று மனம் ஒரு கணம் கணக்குப் போட்டது. ஒரு பற்றை வேறொரு வரவில் தட்டிக்கழிக்கும் போலிக் கணக்கு அது. சிலவற்றைத் தொட்டி வைத்திருக்கும் இரண்டு நண்பர்களுக்குக் கொடுத்தேன். பொடி எழுத்து முழுவதையும் சொல்லித்தான் கொடுத்தேன். சில தாமாகச் செத்தன. பத்தொன்பது இருக்கின்றன.

தை பிறந்ததும் தாய் நத்தை மறுபடி மேலே ஏறியது. வாரிங்டனின் நத்தைகள் நீருக்குள் முட்டையிட்டன, மீன் தின்றது, சமநிலை தானாக நடந்தது. இதன் முட்டைகள் நீருக்கு மேலே, மீனுக்கு எட்டாத இடத்தில். சமநிலை வேண்டுமென்றால் செய்யவேண்டியவன் நான். இன்னும் ஐம்பதைக் கௌரவமாக வளர்க்க என் தொட்டியில் இடமில்லை, கண்மாயில் விட உரிமையில்லை. மகளிடம் மறைக்கக்கூடாது என்று தீர்மானித்துச் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசவில்லை.

"அப்போ சுரண்டினது என்னாகும்ப்பா?"

"குளிர்ல வச்சா உள்ள இருக்கது வளராது. அப்படியே நின்னுரும்."

"அதுக்கு வலிக்குமா?"

"தெரியலம்மா. இன்னைக்குத்தான் இட்டிருக்கு. இப்பவே எடுத்தா வலிக்க எதுவும் உள்ள இருக்காதுன்னு நினைக்கேன்."

கத்தியால் மெதுவாக எடுத்து, ஒரு காகிதப் பொட்டலத்தில் மடித்து, குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்தேன். பக்கத்துத் தட்டில் அந்த வாரத்து வில்லைகள் இருந்தன. பச்சை வில்லைகள் நத்தைக்கு, வெளிறிய சிவப்பு வில்லைகள் மீனுக்கு. அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தயிர்ப் பாத்திரத்தைச் சற்றுத் தள்ளி வைத்தாள்.

இரவு விளக்கணைத்தபின் ஒரு பச்சை வில்லையைத் தொட்டியில் விட்டேன். பெரியது முதலில் வந்தது. அதன் பின்னால் சிறியவை ஒவ்வொன்றாக வந்தன. மிச்சத்தை எடுக்கக் காலை ஐந்தரைக்கு அலாரம் வைத்துவிட்டுப் படுத்தேன்.